அழிந்துபோன வீடும் அந்தரத்து வாசலும்

ஓணாங்குளத்தில் முட்டாள்கள் யாரும் கிடையாது. இது நான் சொல்வதல்ல, பஞ்சாயத்தில் போட்ட தீர்மானம். தெருவிளக்குக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கைதூக்கியவர்களையும் சேர்த்து, ஏகமனதாக நிறைவேறியது. அப்பேர்ப்பட்ட ஊருக்கு முதல்முறையாகத் தார் ரோடு வருவதாக இருந்தது.

ரோடு போடுவதற்கு முன்னால் தெருவை வரைந்து காட்ட வேண்டும் என்று ஒரு பெண் அதிகாரி வந்தார். பஞ்சாயத்துத் தலைவர் சங்கிலிபூதத்தானின் கையில் சிலேட்டு மாதிரி கண்ணாடித் திரை வைத்த ஒரு டேப்பையும், அதில் வரைய ஒரு டிஜிட்டல் பேனாவையும் கொடுத்தார். நுனியால் வரைய வேண்டும். தப்பு வந்தால் பேனாவின் வாலால் தேய்க்க வேண்டும். வரைகிற கை கண்ணாடியில் படக்கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறும்போது அவர் கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஊர் எப்படி இருக்கோ அப்படியே படத்துல இருக்கணும். படத்துல எப்படி இருக்கோ அப்படியே ஊர் இருக்கணும். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். மாறியிருந்தா ரோடு கிடையாது."

அதைக் கேட்டு அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் ஆவுடையப்பன். ஏழு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு ஓட்டு வீடு கட்டியிருந்தார். அந்த வீடு சர்க்கார் படத்தில் ஏறப்போகிறது என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். படத்துக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா?

மறுநாள் வேலை தொடங்கியது. தலைவர் பேனாவை முதலில் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தார். பிறகு பேப்பரில், பிறகு வார்டு மெம்பர் சப்பாணிமுத்துவின் வெள்ளைச் சட்டையில். எதிலும் எழுதவில்லை. கண்ணாடியில் மட்டும் கறுப்பாகக் கோடு விழுந்தது.

"பேனாவுல மை இல்ல. ஆனா எழுதுது. அப்ப மை எங்கவே இருக்கு?" என்றார் தலைவர்.

பஞ்சாயத்து கிளார்க் உலகநாதன் படித்தவர். கண்ணை மூடி யோசித்துவிட்டு, "பலகைக்குள்ளதான் இருக்கணும்" என்றார்.

"அப்ப சாய்ச்சா கொட்டிரும்லா?"

யாருக்கும் மறுப்பில்லை. அதனால் மூலைக்கு ஒருவராக நாலு பேர் டேப்பைப் பிடித்துக்கொண்டு, பால்குடம் எடுப்பவர்கள் போல அசையாமல் தெருவில் நடந்தார்கள். பாதி வழியில் கண்ணாடி தானாக அணைந்து கறுத்துவிட்டது. மை மொத்தமும் பரவிவிட்டது என்று சப்பாணிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். எதற்கும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார் கிளார்க். வெளிச்சம் வந்தது. அதன்பிறகு, மை சேகரமாகட்டும் என்று அவ்வப்போது கால்மணி நேரம் நிறுத்தினார்கள்.

கை படக்கூடாது என்ற உத்தரவும் இருந்ததல்லவா? உலகநாதனின் முழங்கையை சப்பாணிமுத்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் அந்தரத்தில் கையை வைத்து வரைந்தார். படம் ஒன்றும் மோசமில்லை. அதிலும் ஆவுடையப்பன் வீடு அச்சாக விழுந்திருந்தது. ஓடு, ஜன்னல், வாசல் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆவுடையப்பன் எட்டிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வந்து படத்து வீட்டின் மேல் உட்கார்ந்தது. ஊரில் அந்த இடத்தில் ஈ இல்லை என்று தலைவர் சுட்டிக்காட்டினார். கையால் விரட்டினால் கை பட்டுவிடும். ஆகையால் கிளார்க் பேனாவைத் திருப்பி, அதன் வாலால் இப்படியும் அப்படியும் விரட்டினார். ஈ போகவில்லை. வீடு போய்விட்டது.

ஆவுடையப்பன் கண்ணாடியைப் பார்த்தார், திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

"வீடு நிக்குதே அண்ணாச்சி" என்றார் ஈனசுரத்தில்.

"நிக்கத்தான் செய்யுது. அதான வேய் இப்ப தகராறே" என்றார் தலைவர். "படத்துல எப்படி இருக்கோ அப்படியே ஊர் இருக்கணும்னுல்லா அந்தம்மா சொல்லிட்டுப் போயிருக்கு."

சப்பாணிமுத்து நல்ல மனசுக்காரர். தன்னிடம் கடப்பாரை இருக்கிறது, ஆள் சேர்ந்தால் இரண்டு நாளில் வீட்டை இடித்துவிடலாம், ஆவுடையப்பன் கூலி தர வேண்டாம், காப்பி வாங்கிக் கொடுத்தால் போதும் என்றார். ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாசலில் நின்று, உள்ளே சமைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி பிச்சம்மா, வீடு இல்லையாம். வெளிய வா."

பிச்சம்மாள் அகப்பையோடு வந்தாள். "வீடு இல்லன்னா நான் எதுக்குள்ள இருந்து வாரேன்?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதைப் பற்றி அரைமணி நேரம் பேசி, முடிவு எட்டாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அழிந்த வீட்டைத் திரும்ப வரைந்தால் என்ன என்று கேட்டவளும் அவள்தான். ஆண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு வழி இருப்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

உலகநாதன் மறுபடி பேனாவைப் பிடித்தார். சப்பாணிமுத்து முழங்கையைத் தூக்கினார். சுவர் வந்தது, ஓடு வந்தது, ஜன்னலும் வந்தது. வாசலை வரையப்போகும் நேரத்தில் புதுச் சுண்ணாம்பின் நெடி சப்பாணிமுத்துவின் மூக்கில் ஏறியது. போட்டார் ஒரு தும்மல். கிளார்க்கின் கை எகிறியது. வாசல் போய்க் கூரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அழித்து வரையுங்கள் என்று சொல்ல ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். பேனாவின் வாலைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். வாசல் ஏறிப்போனாலும் வீடு இருக்கிறதே, அது போதாதா? இரண்டே நாளில் பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். எட்டடி உயரத்தில் சுவரை உடைத்துப் புது வாசல் வைத்தார். ஒரு ஏணியைச் சாத்தி ஏறிப்போய், வாசலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். டேப்பைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். வீடு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்க அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. பொருந்துகிறதா என்பதற்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. வெகுநேரம் ஒப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"படத்துல ஏணி இல்லையே?"

ஏணியை எடுத்துவிட்டார்கள். அதிகாரி கட்டத்தில் டிக் போட்டார். ரோடு போட ஆள் வரும்வரை டேப் இங்கேயே இருக்கட்டும், ஊரில் ஏதாவது மாறினால் படத்திலும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவுடையப்பன் மேலேயே இருந்தார்.

பிச்சம்மாள் பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் பரணில் ஏறி, அவருக்குச் சோறு கொடுத்தாள். அந்த வழியாகவே இறங்கி வரச் சொன்னாள். வீட்டின் பின்பக்கம் படத்தில் இல்லை, இல்லாத வாசல் வழியாக எப்படி வருவது என்று அவர் மறுத்துவிட்டார். ஆனாலும் எத்தனை நாள் இப்படி உட்காருவது என்று தெருவைப் பார்த்துக் கேட்டார்.

கீழே நின்று ஆறுதல் சொன்னவர் தலைவர்தான். "கவலைப்படாதேயும். எந்த ஊர்லயாவது பழைய ரோட்டத் தோண்டிட்டுப் போடுதாவளா? மேல மேலதான போடுதாவ. தடவைக்கு ஒரு அடி ஏறும். எட்டாவது ரோடு உம்ம வாசல்ல வந்து நிக்கும். நீரு காலைக் கீழ வைக்க வேண்டியதுதான். எங்க பாடுதான் திண்டாட்டம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. கூட நின்றவர்களுக்கும் உறைத்தது. எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனையும் தரையோடு தரையாக இருந்தன.

மறுநாள் விடிந்ததும் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நீள வரிசை நின்றது. உள்ளே உலகநாதன் பேனாவோடு தயாராக இருக்க, சப்பாணிமுத்து அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் சப்பாணிமுத்துவுக்காக ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கொண்டுவந்திருந்தார். தலைவர் மட்டும் இரண்டு சிட்டிகை வைத்திருந்தார். அவருடையது மாடி வீடு.