முத்திரை வைத்த மீன் குழம்பு

வேங்கைமலை அரண்மனையில் ஒருமுறை இரண்டு யானைகளை மடைப்பள்ளி வாசலில் நிறுத்திக் காதாட்டச் சொன்னார்கள். கடற்காற்று வேண்டுமாம். எல்லாம் ஒரு மீன் குழம்புக்காக.

அதற்கு முந்தைய ஐப்பசியில் ராஜா வீரகண்ட பூபதி கடலோரத்து ஆமைத்துறைக்குப் போயிருந்தார். நல்ல அடைமழை. ஒதுங்க இடம் தேடி, பூமயில் என்பவள் நடத்திய சோற்றுக்கடைக்குள் நுழைந்தார். அவள் சீலா மீன் குழம்பு ஊற்றினாள். ராஜா மூன்று முறை சோறு வாங்கினார். நான்காம் முறை சட்டியையே வாங்கினார்.

தலைநகருக்குத் திரும்பினால் தெருவுக்குத் தெரு 'அசல் ஆமைத்துறைக் குழம்பு' என்று பலகை தொங்கியது. ஒவ்வொன்றாக வரவழைத்துச் சுவைத்தார். ஒன்றில் வெல்லம் கிடந்தது. இன்னொன்றில் மீனைத் தவிர எல்லாம் கிடந்தது.

"அவளையே கூட்டி வாருங்கள்" என்றார்.

பூமயில் வந்தாள். ஆக்கினாள். ராஜா உதட்டைப் பிதுக்கினார். "இது அது இல்லை."

ஆமைத்துறைக் கிணற்றுத் தண்ணீர் வந்தது. புளி வந்தது, மண்சட்டி வந்தது, எரிக்கத் தென்னம்பாளை வந்தது. குதிரை மாற்றிக் குதிரை மாற்றி மீன் வந்தது. யானைகள் காதாட்டின. உதடு மட்டும் உள்ளே போகவில்லை.

மடைப்பள்ளி அதிகாரி வல்லபராயருக்குப் பாயசம் குடித்ததுபோல் இருந்தது. வெளியூர்க்காரி ஒருத்தி தம் அடுப்பில் கரண்டி போடுவது அவருக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

"ஆமைத்துறையில் என்ன இருக்கிறது மகாராஜா? ஆமைதான் இருக்கிறது. நாளை மறுநாளுக்குள் இவள் ஆக்கிக் காட்டட்டும். இல்லாவிட்டால் அந்த ஊர்ப் பெயரை எவரும் குழம்புக்கு வைக்கக் கூடாது. இனிமேல் அதற்கு வேங்கைமலைக் குழம்பு என்று பெயர்."

"சரி" என்றார் ராஜா.

பூமயில் ஊரை நினைத்தாள். குழம்பு ஆக்கப் போனவள் ஊர்ப் பெயரைத் தொலைத்துவிட்டு வந்தாள் என்று கரையில் மீன் கூறுகட்டுகிற பெண்கள் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்களே.

அவளுக்குக் காரணம் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை. அரசவையில் வாய்க்குப் பேர்போன சேந்தன் அடுப்படிக்கு மோர் கேட்டு வந்தார். அவரிடம் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"அய்யா, அன்னிக்குக் கடல் பொங்கிக் கெடந்துச்சு. ஒரு வள்ளமும் எறங்கல. ராசாவுக்கு நான் ஊத்துனது முந்தின நாள் குழம்பு."

சேந்தன் மோரைக் கீழே வைத்தார்.

"ஒரு ராத்திரி சட்டியில ஒக்காந்தாத்தானய்யா மீன் குழம்பு? ஆக்குன அன்னிக்கு உப்பு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்ல நிக்கும்."

"இதை ராஜாவிடம் சொல்வதற்கென்ன?"

அவள் சுவரைக் காட்டினாள். அரண்மனை விதி கல்லில் வெட்டியிருந்தது: 'நேற்று ஆக்கிய குழம்பு மன்னர் இலையில் விழுந்தால், ஊற்றிய கைக்கு விலங்கு.' தினமும் பொழுது சாயும்போது வல்லபராயர் தாமே நின்று மிச்சம் மீதியைக் கொட்ட வைப்பார்.

சேந்தன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "நாளைக்கும் வழக்கம்போல ஆக்கு தாயி" என்றார்.

ஆக்கினாள். ராஜா ஒரு வாய் வைத்தார். "இது ஆமைத்துறைக் குழம்பே இல்லை. சொல்லப்போனால் குழம்பே இல்லை."

"மகாராஜா, அதைத் தீர்ப்பாக எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும்" என்றார் சேந்தன். "நாளைக்கு இவள் பேச்சு மாற்றினால் காட்டலாம்."

வல்லபராயர் ஓடிப்போய்த் தாமே ஓலை கொண்டுவந்தார்.

"இந்தச் சட்டியும் சான்று. வழக்கு முடிகிறவரை சான்றைக் கொட்டக் கூடாது. ராயரே, நீங்களே வாயைக் கட்டி, அரக்கு வைத்து, உங்கள் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இவளை நம்ப முடியாது."

பூமயில் சேந்தனை முறைத்தாள். போயும் போயும் இந்த ஆளிடமா வாயைத் திறந்தோம் என்று நினைத்தாள்.

மறுநாள் மதியம் சேந்தன் அந்தச் சட்டியோடு அடுப்படிக்கு வந்து நின்றார். "சான்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தேன். சூடு பண்ணு."

அவள் அவரையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுப்பை ஊதினாள்.

ராஜா ஒரு வாய் வைத்தார். இரண்டாம் வாய். உதடு உள்ளே போனது. "இதுதான். இதுதான் ஆமைத்துறைக் குழம்பு. சட்டியை இங்கே கொண்டா."

சட்டி வந்தது. விளிம்பில் ஒட்டியிருந்த அரக்கை வல்லபராயர் பார்த்துவிட்டார்.

"மகாராஜா, கையை எடுங்கள். அது நேற்றுச் சட்டி. என் கட்டிலுக்கு அடியில் இருந்த சட்டி. வாசனையில் நான் கண்ணே மூடவில்லை."

ராஜாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. "சேந்தா, எனக்கு நேற்று ஆக்கிய குழம்பையா போட வைத்தாய்?"

பூமயில் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

சேந்தன் ஓலையை விரித்தார். "அது எப்படி மகாராஜா? இது குழம்பே இல்லை என்று நேற்றுத் தீர்ப்புச் சொன்னது தாங்கள். முத்திரை தங்களுடையது. ஓலை ராயர் கொண்டுவந்தது. குழம்பே இல்லாதபோது நேற்று ஆக்கிய குழம்பு எங்கிருந்து வரும்? இதுதான் குழம்பு என்று இப்போதுதானே திருவாய் மலர்ந்தீர்கள். இது குழம்பாகி இன்னும் ஒரு நாழிகைகூட ஆகவில்லை. இதைவிடப் புதுக் குழம்பு வேங்கைமலையில் கிடைக்காது."

ராஜா சிரித்தார். சிரித்ததில் காரம் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வர மறுபடியும் சிரித்தார். சேந்தனுக்குப் பட்டுச் சால்வை. பூமயிலுக்கு ஒரு வில்வண்டி. கூடவே ஓர் உத்தரவு: அவள் சட்டியிலிருந்து வராத எதற்கும் ஆமைத்துறைப் பெயர் கூடாது.

முன்னோர் கல்லில் வெட்டிய விதியைத் திருத்த மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. அதனால் மாதம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, பூமயில் வில்வண்டியில் வந்து குழம்பு ஆக்கிவைப்பாள். ராஜா மூடியைத் திறந்து ஆழமாக மோந்து பார்த்து, "இது குழம்பே இல்லை" என்று கம்பீரமாகத் தீர்ப்புச் சொல்வார். வல்லபராயர் அரக்கு வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்.

மறுநாள் புதன்கிழமை வேங்கைமலையில் அரசவை கிடையாது.