சூரைப் புதரில் தொழில் கூடாதாம்!

கரட்டுக் காட்டில் ஒரு சூரைப் புதர். முள் என்றால் அப்படியொரு முள். பாம்புகூட யோசித்துத்தான் நுழையும். அதற்குள் ஒரு கௌதாரி குடியிருந்தது. ஊரார் குஞ்சுகளைப் பகலில் பார்த்துக்கொள்வதுதான் அதன் பிழைப்பு. காடையும் காட்டுக்கோழியும் ஆள்காட்டியும் விடிந்ததும் குஞ்சுகளை அங்கே விட்டுவிட்டு இரை தேடப் போகும். அந்தியில் வந்து அழைத்துப் போகும். கூலி, ஆளுக்கு ஒரு வாய் கறையான்.

பருந்தின் நிழல் விழுந்தால் கௌதாரி ஒரு குரல் கொடுக்கும். அத்தனை குஞ்சும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சருகு எது, குஞ்சு எது என்று தெரியாது. ஒரு குஞ்சும் போனதில்லை.

பக்கத்து மேட்டில் இருந்த மயிலுக்குத்தான் பொறுக்கவில்லை.

"காலையில் கீச்கீச்! மாலையில் கீச்கீச்! வருகிறவர் போகிறவர் கால் புழுதியெல்லாம் என் தோகையில்! இது குடியிருக்கிற இடமா, சந்தையா?"

"மயிலண்ணே, விடியற்காலம் நீங்கள் அகவினால் அடுத்த மலையே எழுந்து உட்காருகிறது. நான் ஏதாவது சொன்னேனா?" என்றது கௌதாரி.

"அது கலை!" என்று கழுத்தை வெட்டிக்கொண்டது மயில். நேரே கடுவனிடம் போனது.

கடுவன் ஒரு கிழட்டுக் குரங்கு. மருதமரத்து அடிப்பொந்தில் குடியிருந்துகொண்டு காட்டுக்கே சட்டம் சொல்வது அதுதான். வழக்குக் கேட்க வேண்டுமா? முதலில் விளாம்பழம் வைக்க வேண்டும். மயில் வைத்தது பெரிய பழம். தீர்ப்பும் பெரிதாகவே வந்தது.

"குடியிருக்கும் புதரில் தொழில் கூடாது!" என்றது கடுவன். "தொழிலுக்கு இடம் மொட்டைப் பாறை. நாளை முதல் குஞ்சுகளை அங்கே வைத்துக்கொள்."

கௌதாரி பதறியது. "ஐயா, பாறையில் ஒரு புல் கிடையாது. மேலே பருந்து சுற்றுகிறது!"

"பருந்து என் இலாகா இல்லை."

"அந்தப் பாறையை ஒருதரம் போய்ப் பார்த்தீர்களா?"

"சட்டம் போடுகிறவன் எதற்குப் பார்க்க வேண்டும்? மறுத்தால் புதரும் உனக்கு இல்லை. போ, போ!"

கௌதாரி திரும்பி நடந்தது. என்ன செய்யும்? மறுநாள் குஞ்சுகளை நடத்திக்கொண்டு பாறைக்குப் போனது.

வெயில் ஏறியது. பாறை சுட்டது. நிழல் ஒன்று சர்ரென்று ஓடியது. பழக்கதோஷம், கௌதாரி குரல் கொடுத்துவிட்டது. குஞ்சுகளும் பழக்கப்படி படுத்துவிட்டன. எங்கே? மொட்டைப் பாறையில்! இலை போட்டுப் பரிமாறியது மாதிரி!

பருந்து இறங்கியது. காடைக் குஞ்சின் முதுகில் நகம் பதிந்தது. கௌதாரி பாய்ந்து பருந்தின் காலைக் கொத்தியது. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆள்காட்டி கத்திக்கொண்டே வந்து முகத்தில் மோதியது. பருந்து குஞ்சை நழுவவிட்டுப் பறந்தது. குஞ்சின் முதுகெல்லாம் ரத்தம். உயிர் மட்டும் இருந்தது.

ஆள்காட்டி தன் குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. "நாளைக்கு என் பிள்ளைக்கு இது நடக்கும் அக்கா! பட்டினி கிடந்தாலும் சரி, நான் வீட்டோடு வைத்துக்கொள்கிறேன்."

கௌதாரிக்குக் கண் சிவந்தது. "பொறு தம்பி. தொழில் நடக்கிற இடத்தில்தானே வைக்கச் சொன்னான் அந்தக் கடுவன்? வா, காட்டுகிறேன்!"

விறுவிறுவென்று நடந்தது. பின்னால் குஞ்சுக் கூட்டம். வழியில் பார்த்த முயலும் மானும்கூட என்ன சேதி என்று கூடவே வந்தன. மருதமரத்துப் பொந்தில் கடுவன் உண்ட மயக்கத்தில் கிடந்தது. குஞ்சுகள் உள்ளே புகுந்தன. ஒன்று வாலைக் கொத்தியது. ஒன்று விளாம்பழக் குவியலில் ஏறி எச்சமிட்டது.

"ஏய்! ஏய்! என்ன அக்கிரமம்! இது என் வீடு!"

"வீடா?" என்றது கௌதாரி. "வீட்டில் தொழில் கூடாது என்றது யார்? பழம் வாங்கிக்கொண்டு தீர்ப்பு விற்கிறீரே, அது என்ன?"

"அது... அது பொதுச் சேவை!"

"சேவைக்கு எதற்குக் கூலி? எங்கள் பழத்தைத் திருப்பிக் கொடும்!" என்று வெளியே இருந்து முயல் கத்தியது.

"இது தொழில் செய்கிற இடம் என்றால் நானும் இங்கேயே செய்கிறேன்," என்றது கௌதாரி. "வீடு என்றால் நாளை நீரும் பாறைக்கு வாரும். அங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும். பருந்தால் உம்மைத் தூக்க முடியாது. வெயில் விடாது!"

காயம்பட்ட குஞ்சை முன்னால் நகர்த்தியது. "உம்முடைய சட்டம் செய்த வேலை. இப்போதாவது பாரும்!"

கடுவன் பார்க்கவில்லை. வெளியே கூட்டம் உறுமியது. கடுவன் தலையைச் சொறிந்தது.

"சரி, சரி! நீ உன் புதருக்கே போ."

"எனக்கு மட்டும் சொன்னால் போதாது. காடு கேட்கச் சொல்லும்!"

கடுவன் மரத்தில் ஏறியது. வேண்டாவெறுப்பாகக் கூவியது. "அடுத்தவருக்குக் கேடு இல்லாத தொழிலை அவரவர் வீட்டில் செய்யலாம்! வழக்குக் கேட்க இனிப் பழம் கிடையாது!"

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு மேட்டின் அந்தப் பக்கம் போனது. குஞ்சுகள் புதருக்குத் திரும்பின. காடைக் குஞ்சின் முதுகில் மட்டும் நகம் பட்ட இடத்தில் கடைசிவரை இறகு முளைக்கவில்லை.

நீதி: தனக்கொரு சட்டம், ஊருக்கொரு சட்டம் என்று வைப்பவனுக்குத் தலையாட்டினால், நம் பிள்ளைகளைத்தான் பருந்து தூக்கும்.