எண்ணூற்றுப் பன்னிரண்டும் பச்சை

"எல்லாம் பச்சை மேடம். பிறகும் ஏன் ஓகே சொல்ல மாட்டேங்கீங்க?"

கேட்டவர் சுடலைமுத்து. நாற்பது வயதுக்கு மேல் நிரல் எழுத வந்தவர், இப்போது ஐம்பத்தொன்று. திருநெல்வேலியில் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஹமீதா. அவரைவிடப் பதினேழு வயது இளையவர்.

குழந்தையின் எடையைச் சொன்னால் எவ்வளவு மருந்து ஏற்றலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் அவர்களுடையது. அடுத்த மாதம் முதன்முறையாகப் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குப் போகவிருந்தது.

அந்தக் கணக்கைச் சோதிக்க எண்ணூற்றுப் பன்னிரண்டு டெஸ்டுகள். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அவற்றை ஓட்டிப் பார்க்கும் அடித்தள மென்பொருளான ஃபிரேம்வொர்க் பழசாகிவிட்டதால், எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றும் வேலை சுடலைமுத்துவிடம் வந்தது. மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார்.

"ஒன்னாவது சிவப்பா வந்துச்சா?" என்று கேட்டார் ஹமீதா.

"ஒன்னுகூட இல்ல!" சுடலைமுத்துவுக்கு முகமெல்லாம் பல்.

ஹமீதா மருந்துக் கணக்கைத் திறந்தார். எடையால் பெருக்கும் இடத்தில் வகுக்கும் குறியைப் போட்டார்.

"இப்ப ஓட்டுங்க அண்ணாச்சி."

ஓட்டினார்.

எண்ணூற்றுப் பன்னிரண்டும் பச்சை.

சுடலைமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்துக் கிலோ குழந்தைக்கு நூறில் ஒரு பங்கு மருந்துதான் போகும். டெஸ்டுகளோ சிரித்துக்கொண்டு நிற்கின்றன.

ஒன்றைத் திறந்து பார்த்தார். கேள்வி இருந்தது. பதிலை ஒப்பிட்டுப் பார்க்கும் வரி, மாற்றும்போது விட்டுப்போயிருந்தது. அடுத்ததைத் திறந்தார். அதிலும் இல்லை.

"அப்ப மூணு வாரமும் வீணா மேடம்?"

ஹமீதா குறியைப் பழையபடி மாற்றிவைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சுடலைமுத்து முதல் டெஸ்டிலிருந்து ஆரம்பித்தார். விட்டுப்போன வரியைச் சேர்த்தார். பிறகு கணக்கை வேண்டுமென்றே கெடுத்தார். சிவப்பு வந்தது. கணக்கைச் சரிசெய்தார். பச்சை. அடுத்தது.

முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தார். மூன்றாம் நாள், ஒவ்வொரு சிவப்புக்கும் தொடையில் தட்டிக்கொள்வதைப் பக்கத்து மேஜைக்காரர்கள் கவனித்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை ஒரு டெஸ்ட், அவர் எதையும் கெடுக்காமலே சிவப்பாக வந்தது.

தொள்ளாயிரம் கிராம் குழந்தை. கணக்கு அதை முழு ஒரு கிலோ என்று எடுத்துக்கொண்டு மருந்தைக் கூட்டிச் சொன்னது.

பழைய ஃபிரேம்வொர்க்கில் இது எப்படித் தப்பித்தது? தேடினார். ஆறு வருடத்துக்கு முன்பே யாரோ அந்த டெஸ்டை ஓடவிடாமல் நிறுத்திவைத்திருந்தார்கள்; புதியதற்கு மாற்றும்போது அந்தத் தடை கழன்றுவிட்டது. மேலே ஒரு குறிப்பு: 'இவ்வளவு சின்ன எடை நம்மிடம் வராது. பிறகு பார்க்கலாம்.'

கீழே பெயர்: ஹமீதா.

சுடலைமுத்து வெகுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பை அழித்துவிட்டுக் கணக்கைத் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது.

எழுந்து ஹமீதாவின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு சிவப்பு."

"நீங்க கெடுத்ததா?"

"இல்ல. அதுவா வந்தது."

ஹமீதா அவர் மேஜைக்கு வந்து படித்தார். குறிப்பைப் படித்தார். பெயரையும் படித்தார்.

சுடலைமுத்து தரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்த வார்டுக்கு இன்னும் போகலையே?"

"போகல மேடம். இனிமேத்தான்."

ஹமீதா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்படியே ஹால் முழுக்கக் கேட்கும்படி கையைத் தட்டினார்.

"எல்லாரும் இங்க வாங்க! சீக்கிரம் வாங்க! நான் பண்ணின தப்ப நம்ம அண்ணாச்சி பிடிச்சிட்டாரு!"