ராக்கு காட்டுக்கு வந்த பாசி உருண்டை

ஒரு ஊர்ல, கடலை ஒட்டின ஊர்ல, ராக்குன்னு ஒரு மிளகாய்க்காட்டுக்காரி இருந்தா. ஒரு வருசம் பெரும்புயல் அடிச்சு, கடலு குபுகுபுன்னு ஏறி அவ காட்டுல மூணு நாள் கெடந்துச்சு. அப்புறம் தண்ணி வடிஞ்சுது, உப்பு வடியல. எந்த நாத்து நட்டாலும் கருகிப்போச்சு. ம் சொல்லு கண்ணு.

ரெண்டு வருசம் இப்படியே போச்சு. "இந்தத் தடவையும் வெளையலேன்னா செங்கச்சூளைக்குப் போயிருவோம்"னான் புருசன். சூளைக்குப் போனவங்க வீடெல்லாம் பூட்டியே கெடந்துச்சு. ராக்கு விவசாயப் பண்ணைக்குப் போயி வழி கேட்டா.

அங்க ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு வேலை பாத்தா. "அக்கா, மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச்சின்ன உயிரு இருக்கும். வேரை ஒட்டி இருந்து செடிக்குச் சத்து குடுக்கும். உங்க காட்டுல அதெல்லாம் செத்துப்போச்சு. மறுபடி கொண்டாந்து விடணும்"னா.

மொதல்ல பொடியில கலந்து தூவுனாங்க. வெயிலு சுள்ளுன்னு அடிச்சு எல்லாம் செத்துச்சு. அப்புறம் தண்ணியில கலந்து ஊத்துனாங்க. உப்பு தின்னுருச்சு.

"அதுகளுக்கு ஒரு கூடு வேணும்க்கா. கடல்பாசிய அவிச்சா பசை வரும். அதுக்குள்ள வச்சு உருட்டிட்டா தாங்கும்"னா ஸ்டெல்லா.

ராக்குவோட நாத்தனா முத்துராணி, கடல்ல முங்கிப் பாசி எடுக்குறவ. அப்போ கடலு கலங்கிக் கெடந்துச்சு. "நாலு நாள் போகட்டுமே"ன்னாங்க கூட்டாளிங்க. "அதுக்குள்ள நடவு தப்பிரும்"னுட்டு முத்துராணி எறங்கிட்டா. முங்குனா, எந்திரிச்சா. முங்குனா, எந்திரிச்சா. மூணாவது தடவ அலை தூக்கி, பொத்துன்னு பாறையில அடிச்சுச்சு. காலு கிழிஞ்சிருச்சு. பாசிப் பைய மட்டும் விடல.

"ஒண்ணுமில்ல மதினி, கீறல்தான்"னா.

ராக்கு அந்தக் காலைப் பாக்கல. பைக்குள்ளதான் பாத்தா.

ம்... கேக்குறியா?

அப்புறம் ஸ்டெல்லா பசையில அந்த உயிரக் கலந்து, ஊசிக்குழல்ல ஏத்தி, கால்சியம் கரைச்ச தண்ணியில விட்டா. சொட்டு... சொட்டு... ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி மாதிரி உருண்டு நின்னுச்சு. ராக்கு குழிக்கு நாலு உருண்டை போட்டு நாத்து நட்டா.

நட்டு முடிச்ச அன்னிக்கு முத்துராணிக்குக் காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. காலு கறுத்து வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க. அஞ்சாம் நாளு உசுரு போயி, துணி சுத்தித்தான் கொண்டாந்தாங்க.

நாத்து பொழைச்சுருச்சு கண்ணு. எல்லாம் இல்ல, பாதிக் காடு. மிளகாய் குண்டுகுண்டா செவந்துச்சு. புருசன் சூளைப் பேச்சே எடுக்கல. ஊர்ப் பொம்பளைங்க வரப்புல வந்து நின்னு, "எங்க காட்டுக்கும் அந்த உருண்டை வேணும் ராக்கு"ன்னாங்க.

"நான் பாக்கலையே... அவ காலை நான் பாக்கலையே"ன்னா ராக்கு. மிளகாய்ப்பழம் பறிச்சுக்கிட்டிருந்த கை மட்டும் நிக்கல.

மறு வருசம் எல்லாருக்குமாப் பாசி வேண்டியிருந்துச்சு. இன்னொருத்திய அனுப்ப ராக்குவுக்கு மனசு வரல. அவ கடல்ல முழங்காலுக்கு மேல போனதே இல்ல. அன்னிக்கு முத்துராணியோட பாசிப் பைய எடுத்துக்கிட்டுப் போனா. இடுப்பு... நெஞ்சு... கழுத்து... மூச்ச இழுத்துப் பிடிச்சு, களுக்குன்னு முங்கிட்டா.

அம்புட்டுத்தான் கதை. கண்ண மூடு சாமி, தூங்கு.