கையில் வாங்காத உப்பு

"அந்த உப்புக்காரி கையால எதையும் வாங்கிடாதடி, குடி வெளங்காது."

இதைச் சொன்னது யாருன்னு தெரியல, குடத்தோட போன ரெண்டு பொம்பளைங்கள்ல ஒருத்தி. கேட்டது உண்ணாமுலை. கடைப் பலகையைத் திறக்கக் குனிஞ்சவ, யாரைச் சொல்றாங்கன்னு தெருவை இப்படியும் அப்படியும் பாத்தா. பாத்தா, அந்தத் தெருவுல உப்புக்காரின்னு இருக்கறது அவ ஒருத்திதான்.

ஒரு ராசாவோட கோட்டைக்குள்ள, நட்டநடுக் கடைத்தெருவுல நடந்தது இது. உண்ணாமுலைக்கு ஊரு கடக்கரை. புயல்ல புருசனும் போயி, உப்பளமும் போயி, மிச்சமிருந்த உப்பை மூட்டை கட்டி வண்டியில ஏத்திக்கிட்டு வந்து, காதுல கிடந்த தோட்டை வித்து ஒரு சின்னக் கடை பிடிச்சா. இந்தக் கடை ஓடலேன்னா திரும்பிப் போக அவளுக்கு ஒரு கூரை கிடையாது. அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

வந்த அன்னிக்கு அவ ஒரு காரியம் பண்ணினா. அவ ஊருல புதுசாக் குடிவந்தா, பக்கத்து வீட்டுக்காரங்க உள்ளங்கையில ஒரு பிடி உப்பு வைக்கணும். அதுதான் உறவு. அதனால ஆசை ஆசையா ஒரு பிடி அள்ளிக்கிட்டுப் போயி, பக்கத்து எண்ணெய்க்கடை மாசானம் கையில வச்சுட்டா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அந்தப் பட்டணத்துல உப்பைக் கைக்குக் கை குடுத்தா பகை. கொட்டாங்கச்சியில வாங்கினாலும் வாங்குவாங்களே தவிர, கையில வாங்க மாட்டாங்க.

மாசானத்துக்கு அவ ஊரு வழக்கம் தெரியாதா என்ன? நல்லாத் தெரியும். எண்ணெய் வண்டியோட கடக்கரையெல்லாம் போய் வந்தவன். ஆனா அந்தச் சின்னக் கடையில தன் பானைகளை அடுக்கணும்னு அவனுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. "வந்ததும் வராததுமா பகையை வச்சுட்டாளே! புருசனை முழுங்கின கை, உப்பளத்தை முழுங்கின கை, இனி நம்ம தெருவை முழுங்கும்"னு, எண்ணெய் வாங்க வந்தவங்க காதுலயெல்லாம் அதையும் சேத்து ஊத்தி அனுப்பினான்.

உண்ணாமுலை என்ன நினைச்சா? 'நம்மளைத் தெரியாது, அதான் பயப்படுறாங்க. போய்ப் பழகினா சரியாயிடும்.'

பூ கட்டுற செம்பாயிகிட்டப் போனா. உக்காந்து நார் கிழிச்சுக் குடுத்தா. செம்பாயி, கட்டிக் குடுத்த மக வீட்டுப் பக்கமே வரலைன்னு அழுதா, மூக்கைச் சிந்தினா, எல்லாம் பண்ணினா. "எங்கிட்ட ஒரு படி உப்பு வாங்கிக்கயேன் யக்கா"ன்னதும், "நீ தங்கம்டி. ஆனா உன் கை..."ன்னு பூவைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டா.

பிறகு சட்டிபானை விக்கிற குருநாதன்கிட்டப் போனா. பானையெல்லாம் இறக்கி அடுக்கிக் குடுத்தா. "என் மகளாட்டம் இருக்க ஆத்தா. ஆனா நாளைக்கு என் சூளை வெடிச்சா யாரு பொறுப்பு? உன் கை..."

பிறகு கொல்லன் இருளாண்டிகிட்டப் போனா. துருத்தி ஊதிக் குடுத்தா. "இரும்பை வளைக்கிறவன் நானு, எனக்கே உன் கையைக் கண்டா வெலவெலக்குது, போ தாயி"ன்னு சிரிச்சான். அவளும் கூடச் சிரிச்சா. கடைக்கு வந்து, சிரிச்சதை நினைச்சு அழுதா.

இப்படியே யாரு வீட்டுல இருமல், யாருக்கு யாரோட பேச்சில்ல, எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரு அவளுக்குத் தெரியும். அவளைத்தான் தெருவுக்குத் தெரியல.

அப்புறம் ஐப்பசி மழை பிடிச்சுச்சு, கூரை ஒழுகுச்சு. விக்காத உப்பு என்ன பண்ணும், சொல்லுங்க? கரையும். மூட்டை மூட்டையாக் கரைஞ்சு, வாசல் வழியா ஓடிச்சு. மாசானம் காலைத் தூக்கி வச்சுக்கிட்டு, "என்ன உப்புக்காரி, தெருவுக்கே உப்புப் போட்டுட்ட போல! பலகையைச் சாத்திட்டு உன் ஊரைப் பாத்துப் போ"ன்னான். எந்த ஊரை?

கார்த்திகை தீபத்தன்னிக்கு விடிஞ்சா, பானை அடியில ஒரே ஒரு பிடி உப்பு. உண்ணாமுலை துணிமூட்டையைக் கட்டிட்டா. வெளியே பாத்தா, எண்ணெய்க்கு மொத்தத் தெருவும் கிண்ணத்தோட மாசானம் வாசல்ல நிக்குது. முந்தானை முடிச்சுல கிடந்த கடைசிக் காசை எடுத்துக்கிட்டு அவளும் போனா. அவ கை மேல பட்டுடக் கூடாதேன்னு ஆளாளுக்கு விலகினாங்களா, நேரா முன்னால போயே நின்னுட்டா.

"அண்ணாச்சி, இன்னிக்கு முதல் போணி என்னோடது."

மாசானம் முகம் செத்துப்போச்சு. "போ போ, அப்புறமா வா."

"நல்ல நாளும் அதுவுமா முதல் காசை வெரட்டுறியே, இந்தக் கடை உருப்படுமாய்யா?"ன்னான் குருநாதன்.

"சரி, குடு"ன்னு மாசானம் கையை நீட்டினான்.

"அந்தக் கையிலயா போணி? அப்ப எனக்கு எண்ணெயே வேண்டாம் சாமி"ன்னான் இருளாண்டி.

"அட இருங்கப்பா! அது நல்ல கைதான்! உப்பைக் கையில வக்கிறது அவ ஊருல உறவு, எனக்கு அப்பவே தெரியும்..."னவன் நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

தெரிஞ்சேதான் பழி போட்டிருக்கான்னு தெருவுக்கே விளங்கிருச்சு. அப்புறம் குருநாதன் கிண்ணத்தோட திரும்பினான். இருளாண்டி திரும்பினான். எல்லாரும் கீழத்தெருச் செக்கைப் பாத்து நடந்தாங்க. அன்னிக்கும் மறுநாளும் அதுக்கு மறுநாளும் மாசானம் நிறைஞ்ச பானைகளோட ஒத்தையா உக்காந்திருந்தான்.

ஆனா தீபத்தன்னிக்கு அப்படித் திரும்பிப் போனவங்கள்ல ஒருத்தர்கூட உண்ணாமுலை முகத்தைப் பாக்கல. அவ கடைக்கு வந்து மூட்டையைத் தூக்கிப் பலகையைச் சாத்தப் போனா. வாசல்ல செம்பாயி நிக்கிறா.

"உப்பு இருக்கா?"

"அடியில ஒரு பிடி கிடக்கு யக்கா. கிண்ணத்தை நீட்டு."

செம்பாயி கிண்ணத்தைக் கீழ வச்சா. பூக்கறை படிஞ்ச கையை முந்தானையில துடைச்சா. உள்ளங்கையை நீட்டினா.