நிறுத்துக் கொடுத்த கீரி

செங்குத்தான மலையொன்றின் இடுக்குப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கீரி மருந்துப் பொந்து வைத்திருந்தது. கரடி வைத்தியர் சொல்லும் மருந்தைக் காய் ஓடுகளாலான தராசில் பிசகின்றி நிறுத்துக் கொடுப்பது அதன் தொழில்.

வரையாட்டுக் கூட்டத்தின் தலைவி அங்கே தவறாமல் வருவாள். பனிக்காலத்தில் அவளுக்கு இருமல். கரடி ஒரு வேரைக் கொடுத்தது. வேர் உறக்கத்தைக் கெடுத்தது. உறக்கத்திற்கு ஓர் இலை வந்தது. இலை தலைசுற்றலைத் தந்தது. அதற்கு ஒரு பட்டை வந்தது. பனி போயிற்று; இருமலும் போயிற்று. மருந்துகள் மட்டும் போகவில்லை.

"கீரியாரே, இன்று நிலம் ஆடுகிறது," என்றாள் தலைவி.

"பட்டையைச் சற்றுக் கூட்டித் தரலாமா என்று கரடியாரைக் கேட்கட்டுமா?"

"கேளுங்கள். என் வயிற்றில் புல்லுக்குத்தான் இடமில்லை, மருந்துக்கு இருக்கிறது."

வேரின் வேலை முடிந்துவிட்டது கீரிக்குத் தெரியும். 'வைத்தியர் கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல நான் யார்? தலைவியும் கோபித்துக்கொள்வாள்' என்று எண்ணி வாயை மூடிக்கொண்டது. தலைவியோ, 'இத்தனையும் தேவையா என்று கேட்டால் இவர்களை நம்பாததுபோல் ஆகிவிடும்' என்று எண்ணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

அப்போது கீழே செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது.

கூட்டம் முழுவதும் மேலேறி ஓடி வந்தது. இடுக்குப் பாதையைக் கடந்தால்தான் பிழைக்கலாம். ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். தலைவி குளம்பு வைத்த இடத்திலேயே மற்ற ஆடுகளும் குளம்பு வைக்கும். அதுவே அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

"புறப்படுங்கள், அக்கா," என்றாள் தலைவியின் தங்கை.

தலைவி பாதையைப் பார்த்தாள். ஒன்று இரண்டாகத் தெரிந்தது. காலைத் தூக்கினாள். குளம்பு வெற்றிடத்தை நோக்கி இறங்கியது.

"நில்லுங்கள்!" கீரி அவள் காலின் மேல் பாய்ந்தது. "உங்கள் கண்ணை நம்பாதீர்கள். இந்தச் சுற்றல் நோயன்று. நான் நிறுத்துக் கொடுத்த இலை."

"இதைச் சொல்ல இந்த நேரந்தானா கிடைத்தது உமக்கு?" என்று தங்கை சீறினாள்.

சீழ்க்கை நெருங்கியது. தலைவி தங்கையின் பக்கம் திரும்பினாள். பிறகு தன் இடத்தை விட்டு ஒதுங்கினாள். "நீ முன்னே போ. நான் நடுவில் வருகிறேன்."

பாறையில் விலாவை உரசிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் கால் சறுக்கிற்று. பின்னால் வந்த ஆடு தன் கொம்பால் அவளைப் பாறையோடு அழுத்திப் பிடித்தது. கற்கள் உருண்டன, அவை அடியில் விழுந்த ஓசை நெடுநேரம் கழித்தே கேட்டது. கூட்டம் கடந்தது.

செந்நாய்கள் அகன்றபின் கீரி கரடியை அழைத்துக்கொண்டு பாதைக்கு அப்பாலுள்ள சரிவுக்குப் போயிற்று.

"நிறுத்துக் கொடுக்கத் தெரிந்த உனக்கு, நிறுத்தச் சொல்லத் தெரியவில்லையே," என்றது கரடி.

"நீங்கள் கொடுத்த மருந்தாயிற்றே, ஐயா."

"பனிக்குக் கொடுத்தேன். பனி போனபின் நானும் வந்து பார்க்கவில்லை. நீங்கள் இருவரும் சொல்லவுமில்லை."

"எல்லாவற்றையும் இப்போதே பள்ளத்தில் வீசுகிறேன்," என்றாள் தலைவி.

"கூடாது," என்றது கீரி. இம்முறை அது தயங்கவில்லை. "வேரை இன்றே விடலாம். இலையைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். சுற்றல் அடங்கிவிட்டால் பட்டைக்கு வேலையில்லை. சரிதானே, ஐயா?"

கரடி தலையசைத்தது.

முதல் மழைக்குக் கூட்டம் அதே பாதையில் திரும்பிற்று. தலைவி முன்னே நடந்தாள். பொந்தருகே நின்று, "இன்று எனக்கு என்ன?" என்று கேட்டாள்.

கீரி வெறுந்தராசைத் தூக்கிக் காட்டியது. "ஒன்றுமில்லை. போய்ப் புல் மேயுங்கள்."

மருந்தை நிறுத்துக் கொடுப்பவர் அதை நிறுத்த வேண்டிய நாளையும் நினைவில் கொள்ள வேண்டும். உண்பவரும் அந்த நாள் எதுவென்று கேட்கக் கூசலாகாது.