மோர் மத்தும் இரண்டு மைக்கும்

இசையமைப்பாளர் பூபதிராஜனின் காது மிகக் கூர்மையானது, அவரே சொல்லியிருக்கிறார். அன்று அவர் வீட்டு ஹாலில் ட்ரம்ஸ் பதிவு. சத்தம் சேர்ந்து பதிவாகிவிடும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டார். இருந்தவை இரண்டே மைக். ஒன்றை ட்ரம்களுக்கு மேலேயும் மற்றொன்றைப் பெரிய ட்ரம்முக்கு முன்னாலும் வைத்து, உதவியாளர் மங்கை பதிவு செய்தாள்.

"தகர டப்பா மாதிரி இருக்கு. ஒவ்வொரு ட்ரம்முக்கும் தனி மைக் வெச்ச மாதிரி வரணும். வரலேன்னா நாளையிலிருந்து நீ வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

வாசித்தவனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. மங்கைக்கும் தெம்பில்லை. அவள் பூபதிராஜனின் மனைவி வடிவிடம் சில சமையல் சாமான்களைக் கேட்டு வாங்கி, சும்மா கிடந்த மைக் ஸ்டாண்டுகளில் செருகி, கறுப்பு சாக்ஸ் மாட்டி, ட்ரம்களைச் சுற்றி நிறுத்தினாள்.

பூபதிராஜன் வந்தார். ஸ்டாண்டுகளைத் திருப்தியோடு பார்த்தார். மங்கை பதிவை ஓடவிட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதுதான் சத்தம்! அதிலும் அந்த ஓரத்து மைக்கில்தான் உயிரே இருக்கு."

வடிவு வந்து ஓரத்து ஸ்டாண்டின் சாக்ஸை உருவி, உள்ளேயிருந்த மத்தை எடுத்துக்கொண்டாள். "ஏங்க, மோர் கடையணும். உங்க உயிரை நான் எடுத்துட்டுப் போகவா?"

"அப்போ நான் கேட்டது?"

"குளிக்கப் போறதுக்கு முன்னாடி தகர டப்பான்னீங்களே, அதேதான் சார்" என்றாள் மங்கை, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் வந்துடு" என்றார். "இப்போ அந்த ஃபேனைப் போடு."